டின் மெஷின்: டேவிட் போவியின் ஹார்ட் ராக் காலம் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டேவிட் போவியைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுபதுகளைப் பேசுவார்கள், 'லெட்ஸ் டான்ஸ்' பேசுவார்கள், கடைசியாக வந்த 'பிளாக்ஸ்டார்' பேசுவார்கள். 1989 முதல் 1992 வரையிலான காலத்தை மட்டும் தாண்டிக் குதித்துவிடுவார்கள். அப்போது அவர் டின் மெஷின் என்ற குழுவில் காது கிழியும் சத்தத்துக்கு நடுவே பாடிக்கொண்டிருந்தார். அதைப் பற்றிப் புதிதாகக் கேட்க வருகிறவர்களுக்கு வழக்கமாக எழும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. என் அபிப்பிராயமும் நடுநடுவே வரும்.

டின் மெஷின் என்றால் யார் யார்?

நாலு பேர். பாட்டும் கொஞ்சம் கிட்டாரும் டேவிட் போவி. முதன்மை கிட்டார் ரீவ்ஸ் கேப்ரல்ஸ். பேஸ் கிட்டார் டோனி சேல்ஸ். டிரம்ஸ் அவருடைய தம்பி ஹன்ட் சேல்ஸ். முதல் ஆல்பத்திலும் 1989 நிகழ்ச்சிகளிலும் கெவின் ஆம்ஸ்ட்ராங் இரண்டாவது கிட்டார் வாசித்தார். அவர் 1985-ல் நடந்த லைவ் எய்ட் நிதி திரட்டும் நிகழ்ச்சி மேடையில் போவியுடன் வாசித்தவர். 1991-92 சுற்றுப்பயணத்தில் அந்த இடத்துக்கு எரிக் ஷெர்மர்ஹார்ன் வந்தார். போவி இங்கிலாந்துக்காரர், மற்ற மூவரும் அமெரிக்கர்கள்.

ஸ்டுடியோவில் பதிவு செய்த ஆல்பங்கள் இரண்டு, நேரடி நிகழ்ச்சி ஆல்பம் ஒன்று. அவ்வளவுதான்.

போவி ராக் பாடகர்தானே? பாப் பாடகர் ராக் பக்கம் போனார் என்று சொல்வது சரியா?

எழுபதுகளின் போவியைப் பார்த்தால் தப்பு. எண்பதுகளின் போவியைப் பார்த்தால் சரி.

1983-ல் வந்த 'லெட்ஸ் டான்ஸ்' அவரை உலகத்தின் மிகப் பெரிய பாப் நட்சத்திரங்களில் ஒருவராக்கியது. ஷீக் என்ற டிஸ்கோ குழுவின் நைல் ராட்ஜர்ஸ் தயாரித்த ஆட்டப் பாட்டுகள் அவை. அதுவரை போவியின் பெயரையே கேட்டிராத கோடிக்கணக்கான பேர் அந்த ஆல்பத்தோடு உள்ளே வந்தார்கள். விளையாட்டு மைதானங்கள் நிரம்பின. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்தப் பளபளப்பான பாப் ஆல்பத்தில் கிட்டார் வாசித்தவர் ஸ்டீவி ரே வான், டெக்சாஸிலிருந்து வந்த அசல் ப்ளூஸ்காரர். 1982-ல் சுவிட்சர்லாந்தின் மான்ட்ரோ ஜாஸ் விழாவில் அவர் வாசித்ததைக் கேட்டுத்தான் போவி அவரை அழைத்துவந்தார். ஆக, ப்ளூஸ் அப்போதே உள்ளே இருந்தது. ஆட்டத் தாளத்துக்கு மேலே ஓர் அலங்காரமாக இருந்தது.

இன்னும் பின்னால் போனால், போவி தொடங்கியதே அங்கேதான். பதினேழு வயதில், 1964-ல் வந்த அவருடைய முதல் இசைத்தட்டு கிங் பீஸ் என்ற குழுவோடு பாடிய ரிதம் அண்ட் ப்ளூஸ் பாட்டு. அடுத்த வருஷம் மானிஷ் பாய்ஸ் குழுவோடு பாபி பிளாண்டின் ப்ளூஸ் பாட்டொன்றைப் பாடினார். அதில் கிட்டார் வாசித்தது, அப்போது ஸ்டுடியோவில் கூலிக்கு வாசித்துக்கொண்டிருந்த ஜிம்மி பேஜ். லெட் செப்பலின் எல்லாம் அதற்குப் பிறகுதான். 1970-ல் வந்த 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்' ஆல்பத்தைக் கேட்டால் மிக் ரான்சனின் கிட்டார் எவ்வளவு கனமாக இறங்குகிறது என்று தெரியும்.

கையில் பணமும் புகழும் இருக்கும்போது ஏன் இந்த வேலை?

'லெட்ஸ் டான்ஸ்' கொண்டுவந்த கூட்டத்தை என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. பிறகு அவரே பேட்டிகளில் இதைப் பல விதமாகச் சொல்லியிருக்கிறார். அந்த ரசிகர்களுக்கு என்ன பிடிக்கும் என்று ஊகித்து ஊகித்துப் பாட்டு போட ஆரம்பித்தார். 1984-ல் 'டுநைட்', 1987-ல் 'நெவர் லெட் மி டவுன்'. இரண்டிலும் சில நல்ல பாட்டுகள் உண்டு. ஆனால் பாடுகிற ஆளுக்கே அதில் மனசு இல்லை என்பது கேட்கும்போது தெரிந்துவிடும். இரண்டாவது ஆல்பத்துக்காக நடத்திய 'கிளாஸ் ஸ்பைடர்' சுற்றுப்பயணத்தில் மேடைக்கு மேலே ராட்சத எட்டுக்கால் பூச்சி, நடனக்காரர்கள், நாடகக் காட்சிகள். டிக்கெட் விற்றது, விமர்சகர்கள் கிழித்தார்கள்.

அது முடிந்தபோது போவிக்கு நாற்பது வயது. அடுத்து இன்னொரு பாப் ஆல்பம் போட்டிருந்தால் கம்பெனிக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும். அவர் தன் ரசிகர்களில் பாதிப் பேரை விரட்டிவிடக்கூடிய ஒன்றைச் செய்தார். என்னைக் கேட்டால், டின் மெஷினைப் புரிந்துகொள்ளச் சரியான வழி இதுதான். ரசிகரை மனசில் வைத்துப் பாட்டு போடும் பழக்கத்தை விடுவதற்காக, ரசிகர் பேச்சே காதில் விழாத அளவுக்குச் சத்தத்தை ஏற்றிக்கொண்டார்.

ரீவ்ஸ் கேப்ரல்ஸ் எங்கிருந்து வந்தார்?

கிளாஸ் ஸ்பைடர் சுற்றுப்பயணத்தில் பத்திரிகைத் தொடர்பு வேலை பார்த்தவர் கேப்ரல்ஸின் அப்போதைய மனைவி சாரா டெரி. பயணம் முழுக்க கேப்ரல்ஸ் போவியோடு சகஜமாகப் பழகியிருக்கிறார், தான் கிட்டார் வாசிப்பவன் என்று சொல்லவே இல்லை. பயணம் முடியும்போது சாராதான் ஒரு கேசட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். போவி கொஞ்ச நாள் கழித்துப் போட்டுக் கேட்டார், போன் செய்தார். யாரோ நண்பன் குரல் மாற்றிக் கலாய்க்கிறான் என்று கேப்ரல்ஸ் முதலில் நம்பவில்லை.

பாஸ்டனில் பெர்க்லி இசைக் கல்லூரியில் படித்தவர். ராக், ஜாஸ், சத்தத்தையே இசையாக்கும் நியூயார்க் பாணி எல்லாம் அத்துப்படி. முதலில் இருவரும் சேர்ந்து 1988 ஜூலையில் லண்டன் டொமினியன் தியேட்டரில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்காக, போவியின் பழைய 'லுக் பேக் இன் ஆங்கர்' பாட்டை உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். கனடாவின் லா லா லா ஹியூமன் ஸ்டெப்ஸ் நடனக் குழு அதற்கு ஆடியது. அந்த ஏழெட்டு நிமிட இரைச்சலில் டின் மெஷினின் சத்தம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. டிரம்ஸுக்கு ஓர் ஆள்தான் பாக்கி.

சேல்ஸ் சகோதரர்கள்?

அமெரிக்க டிவியில் பிரபலமான நகைச்சுவைக்காரர் சூப்பி சேல்ஸின் பிள்ளைகள். பதின்ம வயதிலேயே தொழிலுக்கு வந்துவிட்டவர்கள். டாட் ரண்ட்கிரெனோடு வாசித்தார்கள். 1977-ல் பெர்லினில் அமெரிக்க ராக் பாடகர் இகி பாப்பின் 'லஸ்ட் ஃபார் லைஃப்' ஆல்பத்தில் பேஸும் டிரம்ஸும் இவர்கள்தான். அந்தத் தலைப்புப் பாட்டின் ஆரம்பத்தில் பாட்டைத் தூக்கி நிறுத்தும் டிரம்ஸ் ஹன்ட் அடித்தது. அதைக் கேட்காத ராக் ரசிகர் இருக்க முடியாது. அந்த ஆல்பத்தில் போவியும் இருந்தார், அதே வருஷம் இகியின் சுற்றுப்பயணத்தில் இவர்களோடு மேடையின் ஓரமாக உட்கார்ந்து கீபோர்டு வாசித்தார்.

அடக்கி வாசிக்கத் தெரியாத இரண்டு பேர். கேப்ரல்ஸும் போவியும் மட்டும் இருந்திருந்தால் கலைத்தனமான ஒரு தனி ஆல்பம் வந்திருக்கும். சேல்ஸ் சகோதரர்கள் வந்த பிறகுதான் அது ஒரு ராக் குழு ஆனது.

முதல் ஆல்பத்தை எப்படிப் பதிவு செய்தார்கள்?

1988-ல், மான்ட்ரோவில் உள்ள மவுண்டன் ஸ்டுடியோவில் தொடங்கினார்கள். ஏரிக்கரை சூதாட்ட விடுதிக் கட்டடத்துக்குள் இருந்த ஸ்டுடியோ அது. (பழைய கட்டடம் 1971-ல் எரிந்ததைப் பார்த்துத்தான் டீப் பர்ப்பிள் 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' எழுதினார்கள்.) பிறகு பஹாமாஸ் தீவில் நசாவு நகரத்து காம்பஸ் பாயிண்ட் ஸ்டுடியோவில் தொடர்ந்தார்கள். குழுவோடு சேர்ந்து தயாரித்தவர் டிம் பால்மர். பின்னாளில் பெர்ல் ஜாம் குழுவின் 'டென்' ஆல்பத்தை மிக்ஸிங் செய்தவரும் இவர்தான்.

அந்தக் காலத்து வழக்கம் டிரம்ஸைத் தனியாக, பேஸைத் தனியாக, குரலைப் பத்துத் தடவை என்று அடுக்கடுக்காகப் பதிவு செய்வது. எண்பதுகளின் போவி ஆல்பங்களும் அப்படித்தான் வந்தன. இங்கே நாலு பேரும் ஒரே அறையில் நின்று சேர்ந்து வாசித்தார்கள், பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு தடவையிலேயே முடித்தார்கள். மேலே பூச்சு வேலை மிகக் குறைவு. ஹன்டின் டிரம்ஸ் சத்தம் எல்லா மைக்கிலும் ஏறியிருக்கும், அதை யாரும் பொருட்படுத்தவில்லை. வரிகளிலும் இதே சட்டம்: எழுதியதைத் திருத்தாதே, முதலில் என்ன வந்ததோ அதைப் பாடு என்று மற்ற மூவரும் போவியைப் பிடித்துக்கொண்டார்கள். இதனால் ஆல்பத்துக்கு ஒரு உயிர் வந்தது. திருத்தியிருக்க வேண்டிய பல வரிகளும் அப்படியே தங்கிவிட்டன.

1989 மே 22 அன்று ஈஎம்ஐ கம்பெனி வெளியிட்டது. அட்டையில் கறுப்பு சூட் போட்ட நாலு பேர், போவிக்குத் தாடி. நீள முடியும் தோல் பேண்ட்டுமாக ஹார்ட் ராக் குழுக்கள் திரிந்த காலத்தில் இவர்கள் கணக்காளர்கள் போல வந்து நின்றார்கள்.

இதில் ப்ளூஸ் எங்கே இருக்கிறது? எனக்கு இரைச்சல்தான் கேட்கிறது.

நியாயமான கேள்வி. முதலில் ப்ளூஸ் என்றால் என்ன என்பதைக் கொஞ்சம் பார்க்கலாம். அமெரிக்காவின் தென்பகுதிக் கறுப்பின மக்களிடம் பிறந்த இசை. மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டு), பெரும்பாலும் பன்னிரண்டு பார் (தாள அளவு) கொண்ட ஒரு சுற்று, அது திரும்பத் திரும்ப வரும். பாடகர் ஒரு வரி சொல்வார், கிட்டார் அதற்குப் பதில் சொல்லும். முக்கியமான சங்கதி, சில சுரங்களை நேராகத் தொடாமல் கம்பியை இழுத்து வளைத்துத் தொடுவது. வீணையில் கம்பியை இழுத்துக் கமகம் பிடிப்பதைக் கேட்டுப் பழகிய காதுக்கு அதில் என்ன சுகம் என்று விளக்க வேண்டியதில்லை. சிகாகோவில் மடி வாட்டர்ஸ், ஹௌலின் வுல்ஃப் போன்றவர்கள் இதை மின்சார கிட்டாருக்கு மாற்றினார்கள். அறுபதுகளில் ஆங்கிலேயப் பையன்கள் அந்த இசைத்தட்டுகளைத் தேடிப் பிடித்து, ஆம்பின் (கிட்டார் ஒலிபெருக்கியின்) சத்தத்தைக் கூட்டி வாசித்தார்கள். கிரீம், லண்டனுக்கு வந்து சேர்ந்த ஜிமி ஹென்ட்ரிக்ஸ், லெட் செப்பலின் என்று அந்தச் சத்தம் தடித்துத் தடித்து ஹார்ட் ராக் ஆனது.

டின் மெஷின் அந்த வம்சத்தில் வருகிற குழு. முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு 'ஹெவன்ஸ் இன் ஹியர்' கேளுங்கள். மெதுவாக உருளும் ஒரு ப்ளூஸ் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் வரி), அதன் மேல் சாய்ந்துகொண்டு பாடும் போவி, இடைவெளியில் பதில் சொல்லும் கிட்டார். மேடையில் இந்தப் பாட்டு இரண்டு மடங்கு நீண்டுவிடும், நேரடி ஆல்பத்தில் 12 நிமிடம் ஓடுகிறது. இரண்டாவது ஆல்பத்தில் ஹன்ட் பாடும் 'ஸ்டேட்சைட்' அதைவிட நேரடியான ப்ளூஸ். மதுக்கடை மேடையில் நள்ளிரவு தாண்டி வாசிக்கிற வகை. எனக்கு அது அலுப்பு.

சுவாரசியம் எங்கே என்றால், கேப்ரல்ஸ் ப்ளூஸ் கிட்டார்காரர் போலவே வாசிக்க மறுக்கும் இடங்களில். தாளமும் பேஸும் பழைய ரிதம் அண்ட் ப்ளூஸ் வழியில் போய்க்கொண்டிருக்கும். அவர் தலைப்பாகம் இல்லாத ஸ்டைன்பெர்கர் கிட்டாரை வைத்துக்கொண்டு சுருதியை மொத்தமாகக் கீழே இறக்குவார், ஃபீட்பேக்கை (ஆம்பின் ஒலி கிட்டாருக்கே திரும்பி எழுப்பும் ஊளையை) அலறவிடுவார், பாட்டின் ராகத்துக்குச் சம்பந்தமில்லாத சுரத்தில் வந்து நிற்பார். நீங்கள் இரைச்சல் என்று சொல்வது இதைத்தான். பிக்சீஸ், சோனிக் யூத் போன்ற அன்றைய அமெரிக்கக் குழுக்களை போவி அப்போது விரும்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். அடியில் 1966, மேலே 1988. இரண்டும் ஒட்டிய பாட்டுகள் அருமை, ஒட்டாத பாட்டுகள் தலைவலி.

வரிகள் எதைப் பற்றி?

கோபம். 'அண்டர் தி காட்' நவ நாஜிகளைத் திட்டும் பாட்டு. 1976-ல் பாசிசத்தைப் பற்றிப் பொறுப்பில்லாமல் பேசி வாங்கிக் கட்டிக்கொண்டவர், பிறகு அதற்காக வருந்தியவர், பதிமூன்று வருஷம் கழித்து இந்தப் பாட்டைப் பாடுகிறார் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். 'கிராக் சிட்டி' போதைமருந்துக்கு எதிரானது. கொக்கெய்ன் பழக்கத்தில் எழுபதுகளின் நடுவில் சாகாமல் தப்பித்தவர் என்பதால் உபதேசம் செய்ய அவருக்கு உரிமை உண்டு. ஆனால் பாட்டு உபதேசமாகவே நின்றுவிடுகிறது.

'ஐ கான்ட் ரீட்' வேறு ரகம். டிவி முன்னால் மரத்துப்போய் உட்கார்ந்திருக்கும் ஒருவன், படித்தாலும் எதுவும் ஏறவில்லை, எல்லாரும் பதினைந்து நிமிடம் புகழ் பெறுவார்கள் என்று சொன்னதாகப் பேர் பெற்ற ஓவியர் ஆண்டி வார்ஹாலிடம், எனக்கு வரவேண்டிய அந்தப் பதினைந்து நிமிடப் புகழ் எங்கே என்று கேட்கிறான். உலகப் புகழ் பெற்றவர் வாயிலிருந்து அந்தக் கேள்வி வருவதுதான் அதன் விஷம். டின் மெஷினின் மொத்தப் பாட்டுகளில் எனக்கு இதுதான் முதலிடம். போவிக்கும் இதை விட மனசில்லை. 1997-ல் 'தி ஐஸ் ஸ்டார்ம்' படத்துக்காக அமைதியாகத் திரும்பப் பதிவு செய்தார்.

ஜான் லெனனின் 'வொர்க்கிங் கிளாஸ் ஹீரோ'வையும் பாடியிருக்கிறார்கள். லெனன் ஒற்றைக் கிட்டாரோடு பாடியது. அதைத் தடதடவென்று ஓட்டியதில் பாட்டின் கசப்பு போய்விட்டது.

"இது போவியின் குழு இல்லை, நாங்கள் நாலு பேரும் சமம்" என்றார்களே, நிஜமா?

உள்ளே ஓரளவு நிஜம். பாட்டு எழுதியதில் பெயர்கள் பகிர்ந்து வந்தன, பேட்டிகளுக்கு நாலு பேரும் சேர்ந்தே வந்தார்கள், வாக்குவாதங்களில் சேல்ஸ் சகோதரர்கள் போவிக்குப் பயப்படவில்லை. ஹன்டுக்கும் டோனிக்கும் மேடையில் தனிப் பாட்டே உண்டு.

வெளியே அதை யாரும் நம்பவில்லை. பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாக் கேள்வியையும் போவியிடமே கேட்டார்கள், ஹன்ட் குறுக்கே புகுந்து ஜோக் அடித்தால் எரிச்சலானார்கள். கூட்டம் வந்ததும் போவிக்காகத்தான். சமத்துவம் என்பது இந்த முயற்சியில் எனக்கு மிகப் பலவீனமாகப் படும் பகுதி. போவி என்ற பெயரின் பாரத்தை இறக்கிவைக்க அது அவருக்குத் தேவைப்பட்டது, சரி. ஆனால் அதே காரணத்தால் சுமாரான பாட்டுகளையும் வெட்ட ஆள் இல்லாமல் போனது. முதல் ஆல்பத்தின் சிடியில் 14 பாட்டுகள். ஒன்பதோடு நிறுத்தியிருந்தால் இன்று இந்தக் குழுவின் பெயர் வேறு மாதிரி இருந்திருக்கும்.

மேடையில் பழைய ஹிட் பாட்டுகளைப் பாடவே இல்லையா?

பாடவில்லை. 1989 கோடையில் நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், லண்டன் என்று சின்னச் சின்ன அரங்குகளில் ஒரு குறுகிய சுற்று வந்தார்கள். இரண்டு வருஷம் முன்பு விளையாட்டு மைதானங்களை நிரப்பியவரை நூற்றுக்கணக்கான பேர் நடுவே வியர்க்க விறுவிறுக்கப் பார்க்க முடிந்தது. டின் மெஷின் பாட்டுகள், பாப் டிலனின் 'மேகீஸ் ஃபார்ம்' போன்ற அடுத்தவர் பாட்டுகள், அவ்வளவுதான். 1991-ல் பிக்சீஸின் 'டிபேசர்' பாட்டைக்கூட எடுத்துக்கொண்டார்கள், அதைப் பாடியது டோனி.

நடுவில் 1990-ல் போவி தனியாக 'சவுண்ட் பிளஸ் விஷன்' என்ற பெரிய சுற்றுப்பயணம் போனார். அதில் முழுக்க முழுக்க பழைய ஹிட்டுகள். இந்தப் பாட்டுகளைப் பாடுவது இதுவே கடைசி என்று அறிவித்துவிட்டுப் போனார். (கடைசி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும்.) வருமானத்துக்கு மைதானம், மனசுக்கு டின் மெஷின் என்று இதைக் கிண்டல் செய்தவர்கள் உண்டு. கிண்டலில் கொஞ்சம் உண்மையும் உண்டு.

விற்றதா?

விற்பனைப் பட்டியலில் முதல் ஆல்பம் பிரிட்டனில் 3-ம் இடம், அமெரிக்காவில் 28. இரண்டாவது பிரிட்டனில் 23, அமெரிக்காவில் 126. நேரடி ஆல்பம் பிரிட்டன் பட்டியலில் நுழையவே இல்லை.

இரண்டாவது ஆல்பம் மோசமா?

விற்பனையை வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றும். பாட்டாகப் பார்த்தால் முதலாவதைவிட நிதானமாக எழுதப்பட்ட ஆல்பம். பெரும்பகுதி 1989-ல் சிட்னியில் பதிவானது. ஈஎம்ஐயோடு உறவு முடிந்துபோக, 1991 செப்டம்பர் 2 அன்று விக்டரி என்ற புதிய கம்பெனி மூலம் வந்தது.

'பேபி யுனிவர்சல்' விறுவிறுப்பான பாப் ராக். 'குட்பை மிஸ்டர் எட்' நிதானமான, மிக நல்ல முடிவுப் பாட்டு. 'ஷாப்பிங் ஃபார் கேர்ல்ஸ்' தாய்லாந்தில் குழந்தைகளைப் பாலியல் தொழிலில் தள்ளும் கொடுமை பற்றியது. பத்திரிகையாளரான சாரா டெரி அந்த விஷயத்தை நேரில் போய் எழுதியவர், பாட்டு அங்கிருந்து பிறந்தது. முதல் ஆல்பத்தின் கோபப் பாட்டுகளைப் போல இது கத்துவதில்லை, பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போகிறது. 'அம்லபுரா' பாலித் தீவின் ஓர் ஊர் பற்றியது, இந்தோனேசிய மொழியிலும் போவி அதைப் பாடிப் பதிவு செய்தார்.

அன்றைய லண்டன் விமர்சகர்கள் இதையெல்லாம் கேட்கும் மனநிலையில் இல்லை. மெலடி மேக்கர் இதழின் விமர்சனம் போவியின் பழைய பாட்டு வரியையே திருப்பிப் போட்டு, உன்னை அவ்வளவு நேசித்தோமே, போதும், உட்கார், நீ ஓர் அவமானம் என்கிற தொனியில் கெட்ட வார்த்தையோடு முடிந்தது. இன்றைக்கும் மேற்கோள் காட்டப்படும் வசை அது.

அட்டைப்படத்தில் ஏதோ பிரச்சினை வந்ததாமே?

ஆமாம். அட்டையில் பழங்கிரேக்கப் பாணியில் நாலு ஆண் நிர்வாணச் சிலைகள். அமெரிக்கப் பதிப்பில் மட்டும் இடுப்புக்குக் கீழே அழித்துவிட்டார்கள். மற்ற நாடுகளில் அப்படியே வந்தது.

ஏன் கலைந்தது?

1991 அக்டோபரில் மிலானில் தொடங்கிய 'இட்ஸ் மை லைஃப்' சுற்றுப்பயணம் 1992 பிப்ரவரியில் டோக்கியோவில் முடிந்தது. ஹன்டின் முதுகில் பச்சை குத்தியிருந்த வாசகம்தான் அந்தப் பெயர். ஜூலையில் 'ஓய் வே, பேபி' என்ற நேரடி ஆல்பம் வந்தது. யூ2-வின் 'ஆக்டுங் பேபி'யைக் கேலி செய்யும் தலைப்பு. அந்த ஜோக்கை யாரும் காசு கொடுத்து வாங்கவில்லை.

பெரிய சண்டை, அறிக்கை எதுவும் இல்லை. போவி 1992 ஏப்ரலில் மாடல் அழகி இமானைக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்து நைல் ராட்ஜர்ஸோடு 'பிளாக் டை வைட் நாய்ஸ்' வேலைக்குப் போனார். 1993-ல் வந்த அந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அதில் கிரீம் குழுவின் 'ஐ ஃபீல் ஃப்ரீ'யைப் பாடியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள். மூன்றாவது டின் மெஷின் ஆல்பம் வரவே இல்லை.

நிர்வாணாவுக்கும் கிரஞ்ச் இசைக்கும் இவர்கள் முன்னோடி என்கிறார்களே?

ரசிகர்கள் ஆசையில் சொல்வது. (கிரஞ்ச் என்பது தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சியாட்டிலிலிருந்து கிளம்பிய கரடுமுரடான கிட்டார் ராக், நிர்வாணா அதன் பெரிய குழு.) தேதிகள் மட்டும் சுவாரசியம்: நிர்வாணாவின் முதல் ஆல்பம் 'ப்ளீச்' 1989 ஜூன் நடுவில், டின் மெஷினின் முதல் ஆல்பத்துக்குச் சில வாரம் கழித்து வந்தது. 'நெவர்மைண்ட்' 1991 செப்டம்பரில், இரண்டாவது ஆல்பத்துக்கு மூன்று வாரம் கழித்து. போவியும் நிர்வாணாவின் பாடகர் கர்ட் கோபேனும் ஒரே பிக்சீஸ் ஆல்பங்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதுதான் தொடர்பு. சியாட்டில் பையன்களுக்கு டின் மெஷினிடமிருந்து எதுவும் தேவைப்படவில்லை. கோபேன் போவியிடம் எடுத்துக்கொண்டது 1970-ன் 'தி மேன் ஹூ சோல்ட் தி வேர்ல்ட்' பாட்டை. 1993-ல் எம்டிவி நிகழ்ச்சியில் நிர்வாணா அதைப் பாடியது உலகம் முழுக்கத் தெரியும்.

சத்தமான கிட்டார் ராக்குக்குத் திரும்பக் காலம் வருகிறது என்பதை போவி மோப்பம் பிடித்தார் என்று வேண்டுமானால் சொல்லலாம். மோப்பம் சரி, ஆனால் அந்த இசையை நாற்பது வயது கோடீஸ்வரரிடமிருந்து கேட்க அன்றைய இளவட்டத்துக்கு விருப்பமில்லை.

வேறு பாப் பாடகர்கள் யாராவது இப்படிச் செய்திருக்கிறார்களா?

போவிக்கு நாலு வருஷம் முன்பே, 1985-ல், மிடுக்கான சோல் பாப் பாடிக்கொண்டிருந்த ராபர்ட் பால்மர், டூரான் டூரான் என்ற பாப் குழுவின் இரண்டு பேரோடும் ஷீக்கின் டிரம்ஸ்காரர் டோனி தாம்சனோடும் சேர்ந்து பவர் ஸ்டேஷன் என்ற குழுவில் கனமான ராக் பாடினார். அது நன்றாகவே விற்றது. ஆனால் அது ஆடத் தோதான ராக்.

அப்படியென்றால் டின் மெஷினால் என்ன லாபம்?

ரீவ்ஸ் கேப்ரல்ஸ். மற்றதெல்லாம் அப்புறம். குழு போன பிறகும் அவர் 1999 வரை போவியோடு இருந்தார். 1995-ன் 'அவுட்சைட்', 1997-ன் 'எர்த்லிங்', 1999-ன் 'அவர்ஸ்' மூன்றிலும் அவர் கை இருக்கிறது. 'எர்த்லிங்' ஆல்பத்தில் டிரம் அண்ட் பேஸ் என்ற அதிவேக மின்னணு நடனத் தாளத்துக்கு மேல் கிட்டார் கிழித்துக்கொண்டு போவதைக் கேட்டால், டின் மெஷினில் செய்து பார்த்த சோதனைகள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று தெரியும். ஐம்பது வயதில் அப்படி ஓர் ஆல்பம் போடும் தைரியம், நாற்பத்திரண்டில் எல்லாரிடமும் திட்டு வாங்கியதால் வந்தது என்றே நினைக்கிறேன். போவியும் பின்னாளில் ஏறக்குறைய இதையே சொன்னார்: ரசிகரைக் கணக்குப் போடுவதை நிறுத்தி, தன்னைச் சரியான பாதையில் திருப்பிவிட்டது டின் மெஷின்தான் என்று.

எங்கிருந்து கேட்க ஆரம்பிப்பது?

முதல் ஆல்பத்தை வரிசையாகப் போட்டால் பாதியில் நிறுத்திவிடுவீர்கள். முதலில் 'ஐ கான்ட் ரீட்', 'ஹெவன்ஸ் இன் ஹியர்', 'அண்டர் தி காட்' மூன்றும். பிடித்தால் இரண்டாவது ஆல்பத்திலிருந்து 'குட்பை மிஸ்டர் எட்', 'ஷாப்பிங் ஃபார் கேர்ல்ஸ்', 'பேபி யுனிவர்சல்'. அதற்கப்புறம் பாரிஸ் லா சிகால் அரங்கில் 1989 ஜூனில் வாசித்தது, 2019-ல் இணையத்தில் வெளியிடப்பட்டது. என் கணிப்பில் குழு தன் உயரத்தில் இருந்தது அங்கேதான். சின்ன அரங்கு, பாட்டுகள் புதுசு, நாலு பேருக்கும் இன்னும் களைப்பு வரவில்லை. மொபைல் ஸ்பீக்கரில் போடாதீர்கள், பேஸ் இல்லாமல் இந்த இசை வெறும் கீச்சொலி.

போவியின் ஆல்பங்களைக் காலவாரியாகத் தொகுக்கும் பாக்ஸ் செட் வரிசையில் இது ஏன் இல்லை?

இல்லைதான். 1983 முதல் 1988 வரையிலான பாட்டுகளோடு ஒரு பெட்டி 2018-ல் வந்தது. அடுத்த பெட்டி 2021-ல் வந்தபோது 1992-லிருந்து ஆரம்பிக்கிறது. நடுவில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டார்கள். இரண்டாவது ஆல்பம் நீண்ட காலம் கடையில் கிடைக்காமல் இருந்து 2020-ல்தான் மறுபதிப்பு கண்டது. கேப்ரல்ஸ் 2012 முதல் தி கியூர் குழுவில் கிட்டார் வாசிக்கிறார். போவி 2016 ஜனவரி 10 அன்று இறந்தார்.